காலண்டர் தாளில் ஐந்து வரி

ஊர் மக்களுக்கு வணக்கம்.

கபடித் திடலில் அன்று தம்பியின் கண்ணில் முழங்கை பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எதற்கு? நேற்றுக் காலை தம்பி அண்ணாந்து பார்த்து, ஃபேன் இரண்டாகத் தெரியவில்லை, ஒன்றாகத்தான் தெரிகிறது என்றான். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள், வீட்டாரின் சம்மதத்தோடு, ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் வேலை பார்க்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி பஸ் ஸ்டாப் டீக்கடை அக்காவுக்கு. தம்பியின் சட்டைப் பையில், தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்று இருந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. பின்பக்கத்தில் ஐந்து வரி:

"5.20 முழங்கை பட்டுது. மயக்கம் இல்ல.
4 மணிக்கு பஜ்ஜி, டீ. அப்புறம் ஒண்ணும் குடுக்கல.
5.40 வாந்தி. 6.05 வாந்தி.
மேல பாத்தாதான் குமட்டுது. கீழ பாத்தா இல்ல.
மூக்குல ரத்தம். சிந்த விடல."

அக்கா, நீங்கள் நாலாவதாக எழுதிய வரிதான் அவனுடைய பார்வையைக் காத்தது. ஏன் என்று சொல்கிறோம்.

கண் உட்கார்ந்திருக்கும் குழி ஏழு எலும்புகள் கூடி அமைந்தது. குழியின் வாய் சுமார் 4 செ.மீ. அகலம், உள்ளே ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளளவு. அதில் கண் உருண்டைக்கு 7 மி.லி. போக, மிச்சமெல்லாம் கொழுப்பும் தசையும் நரம்பும். விளிம்பு கெட்டி, புருவத்தையும் கன்னத்தையும் தடவினால் கைக்குத் தெரியும். உள்ளே போனால் கதை வேறு. குழியின் தரை எலும்பு அரை மில்லிமீட்டர் தடிமன்தான். மூக்குப் பக்கச் சுவர் அதைவிட மெலிசு, கோழிமுட்டை ஓடு அளவு. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் முட்டுக் கொடுக்கின்றன. தரைக்குக் கீழே இருப்பதோ கன்னத்துக்குள் உள்ள வெற்றுக் காற்றறை, சைனஸ். போதாததற்குத் தரையின் நடுவே ஒரு நரம்பு வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகிறது. அடிபட்டவருக்குக் கன்னமும் மேலுதடும் மேல்பல் ஈறும் மரத்துப்போனால், தரை விரிசல் விட்டிருக்கலாம் என்று நாங்கள் சந்தேகப்படுவது அதனால்தான்.

1957இல் ஸ்மித், ரீகன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த முறிவுக்கு 'ப்ளோ-அவுட்' என்று பெயர் வைத்தார்கள். முன்னாலிருந்து வரும் அடியில் குழிக்குள் அழுத்தம் ஏறி, மெல்லிய தரை கீழே விட்டுக்கொடுக்கும். விளிம்பில் விழும் அடியே தரையை நெளித்து உடைப்பதும் உண்டு. ஒரு வகையில் இது நல்லதுதான். முக்கொம்பில் மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளி விடுகிறோமே, அதே மாதிரி. அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லையென்றால் கண் உருண்டையே வெடிக்கக்கூடும்.

பெரியவர்களுக்கு அந்தத் தரை அப்பளமாக நொறுங்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கும், பார்த்தாலே தெரியும். வீக்கம் வடிய ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஆபரேஷன் செய்யலாம். சிலருக்கு அதுவும் வேண்டாம். பிள்ளைகளின் எலும்பு பச்சை மூங்கில். வளைந்து விரிசல் விட்டு, உடனே பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பும்போது கண்ணைக் கீழே இழுக்கும் தசையை எலிப்பொறி மாதிரி கவ்விக்கொள்ளும். கவ்விய தசைக்கு ரத்தம் போகாது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் விடுவிக்காவிட்டால் தசை தழும்பாகி, காலம் முழுக்க இரட்டைப் பார்வை நிற்கலாம்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வெளியே ஒன்றுமே தெரியாது. கண் வெள்ளையாக இருக்கும், வீக்கமும் பெரிதாக இராது. ஆனால் மேலே பார்க்கும்போது மாட்டிய தசை இழுபட்டு, நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும், குமட்டும், வாந்தி வரும். அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தால் எல்லோருக்கும் தலைக்காயம்தான் நினைவுக்கு வரும். அது தப்பும் இல்லை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தலைக்கு மட்டும் எடுக்கும் ஸ்கேனில் கண்குழித் தரையின் சின்ன விரிசல் நழுவிவிடும். மூளை நன்றாக இருக்கிறது, காலையில் பார்ப்போம் என்று ஒரு ராத்திரி போய்விடும். "மேல பாத்தாதான்" என்று எழுதியிருந்ததால், தலையோடு முகத்துக்கும் சேர்த்து, மெல்லிய துண்டுகளாக, முன்பார்வையில் ஸ்கேன் எடுக்கச் சொன்னோம். விரிசலில் தசை தொங்கிக்கொண்டிருந்தது.

பஜ்ஜி வரியும் லேசானதில்லை. பால் டீக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரத்துக்கு 8 மணி நேரம் கழித்துத்தான் பொதுவாக மயக்க மருந்து. சோடா கொடு, காபி கொடு என்று கூட்டம் சொல்லியும் நீங்கள் மறுத்தீர்களாம். அதனால் நள்ளிரவு தாண்டியதும் மேசையில் ஏற்ற முடிந்தது. கீழிமையின் உட்பக்கம் கீறி, தசையை மேலே எடுத்து, விரிசலுக்கு மேல் மெல்லிய தகடு வைத்தோம். பிறகு இடுக்கியால் கண்ணைப் பிடித்து மேலும் கீழும் சுழற்றிப் பார்த்தோம். தடையில்லாமல் சுழன்றது.

மூக்கைச் சிந்த விடாதது பற்றியும் ஒரு வார்த்தை. சிந்தினால் சைனஸ் காற்று விரிசல் வழியாகக் குழிக்குள் ஏறும். கண் சட்டென்று பொம்மிவிடும், பார்வை நரம்பே நசுங்கக்கூடும். துடைக்கலாம், சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தம்பிக்கு இன்னும் சில வாரத்துக்கு இதே சட்டம்தான், வீட்டில் கவனித்துக்கொள்ளுங்கள்.

வேனை எடுத்து வந்த அண்ணன், வெண்ணாற்றுப் பாலத்தில் நெல் லாரிகளை ஒதுக்கி வழிவிட்ட டிரைவர்கள், வீட்டுக்குப் போன பிறகும் திரும்பி வந்த ஸ்கேன் தம்பி, ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்த கபடிக் குழுப் பிள்ளைகள், கண்ணில் விளக்கெண்ணெய் விடவேண்டாம் என்றதும் கேட்டுக்கொண்ட பாட்டி, எல்லோருக்கும் நன்றி.

அடுத்த பொங்கல் கபடிக்கு நாங்களும் திடலுக்கு வருவோம். கண் மேல் படாமல் விளிம்பில் உட்காரும் பிளாஸ்டிக் மூடிகளும், அந்த ஐந்து வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்த நோட்டீசும் கொண்டுவருகிறோம்.

அக்கா, தாள் தம்பியின் கோப்போடு சேர்ந்துவிட்டது, இனித் திருப்பித் தர இயலாது. முன்பக்கம் யாரோ உங்களுக்கு 140 ரூபாய் பாக்கி என்று குறித்திருக்கிறீர்கள். அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வேன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறோம்.