நீ வாங்கிய இந்துப்பைப் பற்றி

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வயிற்றில் பிள்ளை இருப்பதால் இனிமேல் எல்லாம் இயற்கையானதாக இருக்க வேண்டும் என்று, பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டு இளஞ்சிவப்பு இந்துப்பு வாங்கியிருப்பதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்ததாலும், இரண்டு வார்த்தையில் முடிகிற பேச்சு இல்லை என்பதாலும், அப்போது சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் இரவெல்லாம் அதே நினைவு. உப்புக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் 26 ஆண்டுகள் அயோடின் அளந்தவள் நான். என் மகள் அடுப்படியில் அயோடின் இல்லாத உப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

கடலிலிருந்து வருகிற எந்த உப்பிலும் அயோடின் தானாக இருக்கும்தானே என்று கேட்டாய். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அயோடினோ அதில் 0.06 மில்லிகிராம் அளவுதான். அந்தத் தண்ணீர் பாத்தியில் வெயிலில் காய்ந்து உப்பு அடர்த்தியை அளக்கும் போமே கணக்கில் 25 டிகிரிக்கு வரும்போது, சோடியமும் குளோரினும் ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாக இறங்குகின்றன. அந்தப் படிகத்துக்குள் அயோடினுக்கு இடமில்லை. அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும், மீதி நாம் வடித்து வெளியே விடும் கசப்புத் தண்ணீரில் தங்கிவிடும். நீ வாங்கிய இந்துப்பும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடலின் உப்புதான். அதற்கு அந்த நிறத்தைக் கொடுப்பது சிறிதளவு இரும்பு. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் உன் பிள்ளைக்கு இப்போது வேண்டியது அதில் இல்லை.

நீ தூத்துக்குடியில் இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். இங்கே நெத்தலியும் சாளையும் சீலாவும் வாரத்தில் நான்கு நாள் சட்டியில் கொதிக்கும், அவற்றின் வழியாகவாவது அயோடின் உடம்புக்குள் போய்ச் சேரும். நீ இருப்பதோ பாலம்பூரில், காங்ரா மாவட்டத்தில். இமயமலை அடிவாரத்து மண்ணில் இருந்த அயோடினைப் பனியும் மழையும் காலங்காலமாகக் கழுவி ஆற்றோடு கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. மண்ணில் இல்லாதது கீரையிலும் இல்லை, கோதுமையிலும் இல்லை, அங்கே மேயும் பசுவிடமும் குறைவு. அதனால்தான் அந்த மலையடிவாரம் முழுவதும் முன்கழுத்துக் கழலை அவ்வளவு பரவியிருந்தது.

நீ குடியிருக்கும் அந்தக் காங்ரா பள்ளத்தாக்கில்தான் நம் நாட்டின் அயோடின் உப்புக்கு வழி பிறந்தது என்பது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மருத்துவர் வி. ராமலிங்கஸ்வாமியும் அவரோடு இருந்தவர்களும் 1956-இல் அந்தப் பகுதியை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில், அயோடின் கிடைத்த இரண்டு வட்டாரங்களிலும் பிள்ளைகளின் கழுத்து வீக்கம் தெளிவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது அதன் பிறகுதான். என் வேலைக்கே மூலகாரணம் அந்த ஊர்தான். அங்கே இருந்துகொண்டு நீ அயோடினை விலக்குகிறாயே என்றுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

கழலையைவிடப் பெரிய கவலை உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றியது. தொண்டைக்குக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி உண்டாக்கும் தைராக்ஸின் என்ற ஹார்மோனின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. முதல் மூன்று மாதம் பிள்ளையால் அதைத் தானாகச் சுரக்க முடியாது. மூளை உருவாகும் அந்தக் காலத்தில் தாயிடமிருந்து வருவதை நம்பியே அது வளர்கிறது. நாளொன்றுக்குப் பெரியவர்களுக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவுதான், ஆனாலும் அது குறைந்து பிள்ளையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்பட்டால், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் முழுதாக மீட்க முடியாது.

ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் நீ ஆய்வுக்கூடத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? பத்து கிராம் உப்பைக் கரைத்து, அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் விட்டுப் பத்து நிமிடம் இருட்டில் மூடி வைத்தால், கரைசல் மஞ்சளாகும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, அயோடின் நிறத்தைப் போக்கும் ஹைப்போ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் ஊற்றுவேன்; குடுவை முழுவதும் கருநீலமாக மாறும்போது நீ கை தட்டுவாய். அடுத்த சில சொட்டுகளில் அந்த நிறம் சட்டென்று மறைந்துவிடும். எத்தனை சொட்டில் மறைந்தது என்பதுதான் கணக்கு.

ஒரு மழைக்காலத்தில் அந்த நீலம் வரவே இல்லை. உப்பில் அயோடின் சேர்ப்பதற்காக அயோடேட் கரைசலைத் தெளிக்கும் குழாயின் வாய் அடைத்துக்கொண்டதைக் கவனிக்காமல் ஒரு லாரி உப்பை மூட்டை கட்டிவிட்டார்கள். லாரி காத்திருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். மூட்டைகளைத் திரும்ப இறக்கும்வரை நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த உப்பு எந்த ஊருக்குப் போகிறது, அங்கே யார் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று அப்படி யோசித்தவள், இன்று என் மகளுக்கு எழுதாமல் இருப்பேனா?

உப்பைக் கூடுதலாகப் போடு என்று நான் சொல்லவில்லை, அது இரத்த அழுத்தத்துக்குக் கேடு. போடுகிற கொஞ்சமும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும். பாக்கெட்டைப் பிரித்ததும் மூடியுள்ள டப்பாவில் கொட்டி, அடுப்பைவிட்டுத் தள்ளி வை. ஈரக் கையால் எடுக்காதே. குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் வீணாவது குறையும். இத்தனை நாள் இந்துப்பு சாப்பிட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள். மாத்திரை வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நீயாக வாங்கிப் போடாதே.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் கருவாட்டுப் பொட்டலத்துக்குக் கீழே ஒரு சின்னச் சோதனைக் குப்பி இருக்கும். உன் வீட்டு உப்பைத் தட்டில் பரப்பி இரண்டு சொட்டு விட்டுப் பார். இந்துப்பிலும் விடு, புதிதாக வாங்கும் உப்பிலும் விடு. எது ஊதாவாக மாறியது என்று இரவு எனக்கு அழைத்துச் சொல்.

அன்புடன்,
அம்மா