கடை ஞாயிறுக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விரிஞ்சிபுரம் கடை ஞாயிறுக்கு வரப்போகும் அக்கா தங்கச்சிகளுக்கும், அவர்களைக் கூட்டிவரும் மாமியார், நாத்தனார், வீட்டுக்காரர் எல்லோருக்கும்,

வணக்கம்.

கார்த்திகை மாசத்துக் கடைசி ஞாயிறைத்தான் கடை ஞாயிறு என்கிறோம், வேலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வழித்துணைநாதர் என்கிற சிவன் கோயிலில் அன்றைக்குத் திருவிழா. கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் இதே பேச்சுதான். பஸ் கோயில் வரைக்கும் வருமா, செதுவாலையிலேயே இறக்கிவிட்டு நடக்கவிடுவார்களா, சிம்மக் குளத்துக்கு வரிசை எங்கே தொடங்கும் என்று விசாரிப்பார்கள். குளித்த ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுத்துக் கண்ணயர்ந்தால், கனவில் சாமி வந்து பூவோ பழமோ கொடுப்பார், பிள்ளை வரம் கிடைக்கும் என்று நம்பி வருகிறீர்கள். வாருங்கள். நானும் அந்தத் தரையில் படுத்து எழுந்தவள்தான். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்த ராத்திரியை ஒரு பெண்ணுக்கு வைக்கும் பரீட்சையாக ஆக்கிவிடாதீர்கள்.

எனக்குக் கனவே வரவில்லை. மார்கழி நெருங்கும் குளிர், பாலாற்றங்கரைக் காற்று, பல் கிட்டிக்கொண்டது. தூங்கினால்தானே கனவு? விடிந்ததும் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, "இன்னா வந்துச்சு, பூவா பழமா?" என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் என் அத்தை, அதாவது மாமியார், "அவளுக்கு வர வேண்டியது எனக்கு வந்துச்சு, போய் வேலையப் பாருங்க" என்றார். அவரும் என் பக்கத்தில் ஈரப் புடவையோடுதான் படுத்திருந்தார். நாலு பிள்ளை பெற்றவருக்கு எந்த வரமும் வேண்டியிருக்கவில்லை. எனக்குத் துணையாகப் படுத்தார். வீட்டுக்கு நடக்கும்போது காதோடு சொன்னார்: "புள்ள பொறந்தாலும் நீ என் பொண்ணு, பொறக்கலைன்னாலும் நீ என் பொண்ணு. கனவு கினவுன்னு மனசப் போட்டு ஒழப்பிக்காத." சின்ன வயசிலிருந்து கும்பிட்டுக்கொண்டிருந்த சாமி மேல் எனக்கு நிஜமான நம்பிக்கை வந்தது அந்த ரோட்டில்தான்.

பிறகு மகள் பிறந்தாள். அடுத்தவன் மாசம் நிறையுமுன் வந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். நர்ஸம்மா ஒருவர் அவனைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, "நல்லா பாத்துக்கோம்மா" என்றார். அவன் அப்பா அவன் காதில் பெயர் சொன்னார். அந்தப் பெயர் எங்களிடம் இருக்கிறது. எதற்காக நன்றி சொல்கிறாய் என்று கேட்டால், முதலில் அந்தப் பகல்தான் வாயில் வரும். என் மகனை நான் கையில் வைத்திருந்தேன்.

சில வருஷம் கழித்து, செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு ஓட்டிப்போன என் வீட்டுக்காரர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த வருஷக் கடை ஞாயிறுக்கு அத்தை என்னையும் மகளையும் கிளப்பினார். "தாலி அறுத்தவ, வரம் கேக்குறவங்க நடுவுல வந்து நிக்கலாமா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். அத்தை அவரை உட்காரவைத்துத் தலபுராணத்தைச் சொன்னார். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனாலும் அன்றைக்கு அவர் சொன்ன மாதிரி நான் கேட்டதில்லை. இந்தக் கோயிலில் பூசை செய்தவர் இறந்துபோகிறார். மகன் சிவசர்மன் சின்னப் பையன். பிரம்மாவே அந்தப் பையனாகப் பிறந்தார் என்பார்கள். பையனால் முடியாது என்று தாயாதிகள் பூசை முறையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். புருஷனை இழந்த அம்மா சாமியிடம் அழுகிறாள். பிள்ளையைக் குளிப்பாட்டி வை என்று சாமி கனவில் சொல்லி, கடை ஞாயிறன்று தானே வந்து அவனுக்குப் பூணூல் போட்டு தீட்சை கொடுக்கிறார். அபிஷேகம் செய்யப் போனால் பையனுக்கு லிங்கத்தின் உச்சி எட்டவில்லை. லிங்கம் தலை சாய்த்துக் கொடுக்கிறது. இன்றைக்கும் சாய்ந்தே இருக்கிறது, உள்ளே போகும்போது பாருங்கள். "தாலி அறுத்தவ கண்ணீருக்கு எறங்கி வந்த நாளுக்கும்மா நீ வந்துருக்க," என்று அத்தை முடித்தார். அந்த அம்மாள் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார்.

மிளகு மூட்டையோடு கள்ளர் பயத்தில் கிளம்பிய வணிகருக்கு இந்தச் சாமி போர்வீரனாகக் கூட நடந்து வந்த கதையும் உண்டு. கள்ளர் இருந்த பாதை அதேதான், மனுஷனுக்குத் துணை வந்தது. வழித்துணைநாதர் சன்னிதியில் எனக்கு இப்போது கேட்பதற்கு அதிகமில்லை, சொல்வதற்குத்தான் இருக்கிறது: அத்தை, நர்ஸம்மா, அவர், பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக.

கூட்டிவரும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைப்பேறு தள்ளிப்போவது உலகத்தில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நடப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அப்படிப்பட்ட ஜோடிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். ஈரத்தரையில் படுப்பது மட்டும் பெண்ணாக இருக்கிறாள். பிரசவ வேதனையில் பெண்கள் செத்ததைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் படித்த ஐடா ஸ்கட்டர் 1900இல் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர் வேலூர். பக்கத்தில்தான் இருக்கிறது. சாமியைக் கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள்.

மாற்றுப் புடவையும் கம்பளியும் மறக்காமல் எடுத்துவாருங்கள். விடிந்ததும் கனவைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம், சூடாக ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் புருஷனை இழந்த சித்தியோ, பிள்ளையைப் பறிகொடுத்த அண்ணியோ இருந்தால் கட்டாயம் அழைத்து வந்து வரிசையில் உங்களுக்கு முன்னால் நிறுத்துங்கள்.

அத்தை இப்போது இல்லை. இந்த வருஷமும் நானும் மகளும் பிரகாரத்தில்தான் இருப்போம். துணையில்லாமல் தனியாக வந்த பெண் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள், நான் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
விரிஞ்சிபுரத்திலிருந்து உங்கள் அக்கா