தவணை திரும்பிய காரணத்தைப் பார்க்காமல் பவுன்ஸ் கட்டணம் போட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
சரக்கு ஆட்டோ கடன் வாடிக்கையாளர்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாகனக் கடன் நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 18.08.2025

பொருள்: தவறாகப் போட்ட 1,180 ரூபாயை ரத்து செய்வது, நிலுவைப் பதிவைத் திருத்துவது தொடர்பாக.

ஐயா,

கணக்கில் பணம் இருந்தும், பணமில்லாமல் தவணை திரும்பியதாக என் பெயரில் எழுதிவைத்திருக்கிறீர்கள். அதை நீக்கக் கேட்டு இந்தக் கடிதம்.

என் மாதத் தவணை 9,850 ரூபாய். தவணையை என் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ள நான் கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதியான மேன்டேட்டின் உச்சவரம்பு 10,000 ரூபாய். ஏப்ரலில் வங்கியை மாற்றியபோது, பழைய கணக்கை மூடுவதற்கு முன்பே புதிய மேன்டேட் படிவத்தையும் கேன்சல் செய்த செக்கையும் உங்கள் ஜங்ஷன் கிளையில் கொடுத்து, சீல் போட்ட ஒப்புகையும் வாங்கிவிட்டேன். மே, ஜூன் தவணைகளைப் புதிய கணக்கிலிருந்துதான் எடுத்தீர்கள்.

ஜூலைத் தவணையை மட்டும் பழைய கணக்குக்கு அனுப்பியிருக்கிறீர்கள். 'கணக்கு முடிக்கப்பட்டது' என்று திரும்பிவிட்டது. அன்று புதிய கணக்கில் 14,320 ரூபாய் இருந்ததைப் பாஸ்புக்கில் பார்க்கலாம். நான் அப்பள வியாபாரம் செய்பவன். சாரல் நேரத்தில் அப்பளம் சரியாகக் காயாது, கையில் காசும் புரளாது. அப்படியும் தவணைப் பணத்தில் கை வைக்கவில்லை.

ஜூலைத் தவணை திரும்பியதற்கு நீங்கள் போட்ட பவுன்ஸ் கட்டணம் 500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590. ஆகஸ்டில் அந்த 590-ஐயும் தவணையோடு சேர்த்து 10,440 ரூபாய்க்கு அனுப்பினீர்கள். மேன்டேட் வரம்பைத் தாண்டியதால் அதுவும் திரும்பியது. அதற்கு இன்னொரு 590. முதல் தவறுக்கு என்மேல் போட்ட கட்டணமே அடுத்த தவறுக்கும் வழி செய்திருக்கிறது. விவரம் தெரிந்த உடனேயே இரண்டு தவணைகளையும் வங்கி வழியாக நெஃப்ட் பணப் பரிமாற்றத்தில் கட்டிவிட்டேன்.

மேன்டேட்டை வைத்துத் தவணையைக் கணக்கிலிருந்து எடுக்க, இந்திய தேசிய பணப்பட்டுவாடா கழகம் நடத்தும் நாச் முறையில், திரும்பும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு காரணக் குறியீடு கூடவே வரும். இருப்பு போதவில்லை, கணக்கு முடிந்துவிட்டது, கணக்கு முடக்கப்பட்டுள்ளது, மேன்டேட் பொருந்தவில்லை என்று காரணம் தனித்தனியாகச் சொல்லப்படும். இருப்பு இல்லாதது கடன் வாங்கியவர் பொறுப்பு. கணக்கு எண்ணையும் தொகையையும் தப்பாக அனுப்பியது யார் பொறுப்பு? உங்கள் கணினி எல்லாவற்றையும் பவுன்ஸ் என்ற ஒரே கட்டத்தில் போடுகிறது. அந்தக் குறியீட்டை ஒருவர் திறந்து பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஜூலையில் திரும்பிய தவணைக்காக, பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 2007-இன் 25-ஆம் பிரிவைக் காட்டி, சிறைத் தண்டனை வரும் என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவு கணக்கில் பணம் போதாமல் திரும்புவதைப் பற்றியது. என் தவணை அதற்காகத் திரும்பவில்லை.

எனக்கு மனம் ஆறாத விஷயம் வேறு. உங்கள் வசூல் ஊழியர் வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி, ரூவா இல்லன்னா வண்டிய விட்டுர வேண்டியதானே" என்று சத்தம் போட்டார். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பாஸ்புக்கை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அப்பள வியாபாரம் கடனுக்கு உளுந்தமாவு வாங்கி நடப்பது. பணம் கொடுக்காதவன் என்ற பேச்சு ஒரு தெரு தாண்டினால் மறுநாள் மாவு வராது.

1,180 ரூபாயை ரத்து செய்து, திருத்திய கணக்கு அறிக்கை அனுப்புங்கள். இனி என் தவணைகளை 9,850 ரூபாய்க்கு மட்டும், புதிய கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பழைய மேன்டேட்டை ரத்து செய்ததற்கு எழுத்தில் உறுதி வேண்டும். கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய நிலுவைப் பதிவையும் திருத்துங்கள். புகார் கொடுத்த 30 நாளுக்குள் தவறான கடன் தகவலைத் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வாசலில் நடந்ததற்கு அந்த ஊழியர் நேரில் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இதே ஆவணங்களோடு புகார் செய்வேன். ஒப்புகைச் சீட்டு, பாஸ்புக் பக்கம், வங்கி கொடுத்த திரும்பிய விவரம், நெஃப்ட் ரசீதுகள், உங்கள் நோட்டீஸ் ஆகியவற்றின் நகல்கள் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
சரக்கு ஆட்டோ கடன் வாடிக்கையாளர்