மீதி மரம் எங்கே போனது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் தச்சுப் பட்டறை மேஸ்திரியான அப்பா இறந்து மூன்று வாரம் ஆகிறது. பட்டறையைத் திறந்துவிட்டோம், வேலை நடக்கிறது. நேரில் வந்தவர்களுக்கும் அரியூர், பாகாயம், காட்பாடி என்று பல பக்கமிருந்தும் போன் செய்தவர்களுக்கும் நன்றி. வந்தவர்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வேலை முடிஞ்சதும் மீதித் துண்டை விட்டுட்டுப் போறீங்களான்னு மேஸ்திரி கேப்பாரே, அதையெல்லாம் என்னம்மா செய்வார்?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். நான் மூத்த மகள், பட்டறைக் கணக்கு எழுதுகிறவள்.

அந்த மரமெல்லாம் சவப்பெட்டியாகப் போனது.

கட்டில், பீரோ, நிலை, ஜன்னல் செய்து தருவதுதான் நம் தொழில் என்று உங்களுக்குத் தெரியும். பின்கட்டில் பெட்டி செய்வது எல்லோருக்கும் தெரியாது. புது வீட்டுக்கு நிலை செய்யச் சொல்ல வருகிறவர்கள் கண்ணில் அது பட்டால் மனசு சங்கடப்படும் என்று அப்பாவே தடுப்பு வைத்து மறைத்திருந்தார்.

அப்பா 1952இல் பிறந்தவர். வேலூர் மறைமாவட்டம் உருவானதும் அதே வருடம்தான், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இளைஞராக இருந்தபோதே எங்கள் பங்குக் கோயிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்துவிட்டார். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்த சபை அது. ஏழைகளை நம் இடத்துக்கு வரச் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்கு நாமே போக வேண்டும், இரண்டு பேராகப் போக வேண்டும், அதுதான் அவர்கள் முறை. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நாள் ஒரு வீட்டுக்கு அரிசி கொண்டுபோனபோது அந்த வீட்டுப் பெரியவர் காலையிலேயே இறந்திருந்தார், பெட்டிக்குக் காசில்லாமல் அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பா அரிசியை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்து, மூலையில் கிடந்த துண்டுப் பலகைகளைச் சேர்த்து அடித்து, பொழுது சாய்வதற்குள் தலையில் தூக்கிக்கொண்டு போனாராம். அதுதான் முதல் பெட்டி.

அதற்கப்புறம் விடவே இல்லை. பக்கப் பலகைக்கு மாமரம் அல்லது தைலமரம், காசு கொடுத்து வாங்குவார். மூலைக்கட்டைக்கும் மூடி மேல் வைக்கும் சிலுவைக்கும் நீங்கள் விட்டுப்போன தேக்கு, வேங்கை. உள்பக்கத்தையும் இழைப்புளி போட்டு வழவழப்பாக்குவார். அதன் மேல் வெள்ளைத் துணி அடித்துவிடுவோமே, எதற்கு மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "துணிக்கு அடியில சிலும்பு இருக்கக் கூடாதும்மா" என்றார், அவ்வளவுதான். குழந்தைகளுக்கான சின்னப் பெட்டி என்றால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாகச் செய்வார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது குரல் கம்மியிருக்கும், எங்களுக்குப் புரிந்துவிடும்.

கத்தோலிக்கர்களுக்கு மட்டும் என்று இல்லை. சி.எஸ்.ஐ. சபைக் குடும்பங்களுக்கும், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காக வடகிழக்கிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, மொழி தெரியாத ஊரில் ஒருவரைப் பறிகொடுத்து நிற்கிறவர்களுக்கும் செய்து கொடுத்தார். கணக்கு நோட்டில் அந்தப் பக்கங்களில் அடி, அங்குலம் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை, தொகை இல்லை. எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன், முடியாமல் மூடி வைத்துவிட்டேன்.

இதனால் உங்களில் சிலருக்குச் சிரமம் வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வேலூர் வெயிலில் பெட்டி வேலையை நாளைக்கு என்று தள்ள முடியாது. சொன்ன தேதிக்குக் கட்டில் வராமல் கோபப்பட்டவர்கள் உண்டு. நிலை வைக்க நாள் குறித்துவிட்டு நிலை வராமல் தவித்த ஒருவரிடம் அப்பா காரணமே சொல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டார், ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்து விடியற்காலை அவரே வண்டியில் ஏற்றிப் போனார். ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம் அம்மா இலை போட்டுச் சோறு வைத்தபோது ஆள் வந்தது. அப்படியே எழுந்தார். எங்கள் பைபிளில் தோபித்து என்று ஒருவர் வருகிறார், பெந்தக்கோஸ்து விருந்தில் கை வைக்கும் முன்பே, சந்தையில் ஒருவர் செத்துக் கிடக்கிறார் என்று கேட்டு எழுந்து போய் உடலை எடுத்து வந்து, சூரியன் மறைந்ததும் அடக்கம் செய்தவர். அப்பாவுக்கு மிகவும் பிடித்த ஆள். அந்தக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு எங்களுக்கு அழுகைதான் வந்தது, அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் சோற்றை மூடி வைத்தார்.

அப்பா இறந்த அன்று பின்கட்டில் மீதி மரம் எதுவும் இல்லை. இருந்ததையெல்லாம் முந்தின வாரமே செய்து கொடுத்துவிட்டார். சத்துவாச்சாரி வாடிக்கையாளர் ஒருவரின் பீரோவுக்கு வாங்கி வைத்திருந்த பலகையில்தான் தம்பி அவருக்குப் பெட்டி செய்தான், உள்பக்கமும் இழைத்தான். அந்த வாடிக்கையாளரிடம் போனில் சொன்னபோது, "மெதுவா குடுங்கம்மா" என்றார். மாற்றுப் பலகை வந்துவிட்டது, அடுத்த வாரம் பீரோ தயாராகிவிடும்.

பெட்டி வேலை தொடரும். முடியாதவர்களிடம் காசு வாங்க மாட்டோம், சிபாரிசுக் கடிதமும் கேட்க மாட்டோம். இனி மீதி மரம் எதற்கு என்று சொல்லிவிட்டே கேட்போம். வேண்டாம் என்றால் தயங்காமல் எடுத்துப் போங்கள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டோம். தேதி சொல்லும்போது இரண்டு நாள் கூட்டியே சொல்வோம், பெட்டி வேலை குறுக்கிட்டால் போன் செய்து உண்மையான காரணத்தைச் சொல்வோம்.

முப்பதாம் நாள் திருப்பலி அடுத்த வாரம் விண்ணேற்பு அன்னை பேராலயத்தில். அன்று மத்தியானத்துக்கு மேல்தான் பட்டறை திறப்போம்.

அன்புடன்,
மேஸ்திரியின் மூத்த மகள்