கதிர்வீச்சுக்கு மலையிறங்குகிறவர்கள் எங்கே தங்குவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 8 உலக மூளைக்கட்டி நாளையொட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறிகுறி, ஆபரேஷன், கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நீலகிரியில் இருக்கும் ஒருவர் அந்தக் கதிர்வீச்சை எப்படிப் போய் எடுத்துக்கொள்வது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. என் அக்கா மகளோடு கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் அதை நான் எழுதுகிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க சித்தி, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள்.

குன்னூர் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அவள் பாட்டியும் கொழுந்து பறித்தார், அம்மாவும் கொழுந்து பறித்தாள். அவள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். சம்பளம் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் சாயங்காலம் லயத்துப் பிள்ளைகளுக்கு அவள் எடுத்த டியூஷனுக்குக் காசு வாங்கியதே கிடையாது, யாருக்காவது முதியோர் பென்சன் மனு எழுத வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டும் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். நோய் வந்தபோது அவளுக்கு வயது 26.

முதலில் தலைவலி. விடியற்காலையில் எழுந்ததும் மண்டையைப் பிளக்கும், வாந்தி எடுத்தால் கொஞ்சம் குறையும். கண்ணாடி மாற்றினோம். ஒரு மருத்துவர் மைக்ரேன் என்று மாத்திரை கொடுத்தார், சொந்தக்காரர்கள் கல்யாணம் தள்ளிப்போகிற கவலை என்றார்கள், ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டினார். அப்புறம் வகுப்பில் வார்த்தை வராமல் நிற்க ஆரம்பித்தாள். கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டே அதன் பெயரைச் சொல்லத் தெரியாமல் நின்றதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பயம். ஒருநாள் அடுப்படியிலேயே வலிப்பு வந்து விழுந்தபோதுதான் விஷயம் வேறு என்று எங்களுக்குப் புரிந்தது. அப்போதும் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்து, வாயில் கரண்டியை வைக்கப் பார்த்தார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்பு எதையும் நிறுத்தாது. பெரியவர்களுக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் அது தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டிக் கட்டி தெரிந்தது. கோவையில் ஆபரேஷன். மண்டையைத் திறந்த பிறகு அவளை விழிக்கவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டியை எடுத்தார்கள், எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு தடுமாறுகிறது என்று பார்த்து அதை விட்டுவிட அப்படிச் செய்வார்களாம். மூளைக்கு வலி தெரியாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் உள்ளே பதினாறாம் வாய்ப்பாடு சொன்னாளாம். பயாப்சி முடிவு ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைப் புற்றுநோய், நான்காம் நிலை. நாங்கள் "சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு" என்று சொல்லி வைத்திருந்தோம், அவளோ ஃபைலை எடுத்துத் தானே படித்துவிட்டு, "எனக்கு வந்ததை என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு டாக்டர் அவளிடமே எல்லாவற்றையும் சொன்னார், முழுதாக எடுத்துவிட முடியாது, திரும்பி வரக்கூடியது என்பது உட்பட.

மூளை வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரையில் முகம் உப்பிக் கன்னம் வைத்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள். இந்த நோய் ஒட்டுவாரொட்டி இல்லை, பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் இல்லை, இருந்தும் அவள் தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த வரன் வேண்டாம் என்று போய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு: திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், 6 வாரம், மொத்தம் 30 முறை. முகத்துக்கு அச்செடுத்த பிளாஸ்டிக் மாஸ்க்கை மேஜையோடு இறுக்கிப் பூட்டிப் படுக்கவைப்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே புற்றுநோய்க்கான டெமோசோலமைடு காப்ஸ்யூல், ஒருநாள் விடாமல், வெறும் வயிற்றில், கதிர்வீச்சுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு. குன்னூரிலிருந்து கோவை சுமார் 70 கிலோமீட்டர். இதைத் தினமும் போய்வந்து செய்ய முடியுமா, நீங்களே சொல்லுங்கள். தலையில் தையல் போட்ட பெண், பர்லியார் வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் குமட்டுகிறது, காப்ஸ்யூல் போட்ட பிறகு வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு மறுபடி போடவும் கூடாது. மலை ரயில் மேட்டுப்பாளையத்துக்கு வழக்கமாக நாளுக்கு ஒருமுறை பிற்பகலில்தான் இறங்குகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரோடும் இல்லை, சீசனில் சுற்றுலா வண்டிகளின் வரிசை. கதிர்வீச்சில் இடையிடையே நாள் விடக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள், ஆனால் நாள் விடாமல் வருவதற்கு இங்கே என்ன வழி இருக்கிறது?

அதனால் கீழேயே தங்கினோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு போய்விட்டது, அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பது இல்லாவிட்டால் எங்களால் ஆபரேஷனைப் பற்றி யோசித்திருக்கவே முடியாது. ஆனால் லாட்ஜ் வாடகை, சாப்பாடு, ஆட்டோ, எதற்கும் அந்த அட்டை செல்லாது. கூட இருக்கிறவருக்கு நாள்கூலியும் போகிறது. அக்கா தோட்டத்து வேலையை விட முடியாமல் மேலேயே இருக்க, நான்தான் கூட இருந்தேன், காதில் இருந்தது அடகுக்குப் போனது. முடி கொட்டி, மதியமெல்லாம் எழுந்திருக்க முடியாத அசதியில் படுத்திருந்தவளுக்கு, அந்த அறைக்கு இன்னும் எத்தனை நாள் வாடகை கொடுக்க முடியும் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது, கணக்கு டீச்சர் ஆயிற்றே, நாங்கள் மறைத்தாலும் போட்டுவிடுவாள்.

மஞ்சூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை அங்கே பழக்கம். பாதிச் சிகிச்சையில் வருவதை நிறுத்திவிட்டார். நோய் முற்றியதால் அல்ல, தங்க வழியில்லாமல். இப்படிப் போகிறவர்களை 'நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமை. கதிர்வீச்சு இயந்திரத்தை நாளைக்கே அங்கே வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குத் தடித்த கான்கிரீட் அறை வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், அதற்கென்று படித்த ஆட்கள் வேண்டும், இதெல்லாம் நேரம் பிடிக்கும் என்று புரிகிறது. ஆனால் அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. மலையிலிருந்து கதிர்வீச்சுக்கு வருகிறவருக்கும் கூட ஒருவருக்கும் அந்த 6 வாரம் தங்க, கோவையில் அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் சில அறைகளும் ஒரு சமையலறையும் போதும். காசநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது, நல்ல திட்டம், அதுபோல இவர்களுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கு ஏதாவது கொடுக்கலாம். கதிர்வீச்சு முடிந்த பிறகும் 28 நாளைக்கு ஒருமுறை 5 நாள் காப்ஸ்யூல் போட வேண்டும், அதற்கு முன் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அந்த ரத்தப் பரிசோதனையும் காப்ஸ்யூல் வழங்குவதும் ஊட்டியிலேயே, முடிந்தால் குன்னூர் அரசு மருத்துவமனையிலேயே நடந்தால் எங்களுக்கு மாதாமாதம் மலையிறங்கும் பாடு மிச்சம்.

அவள் இப்போது அந்தக் காப்ஸ்யூல் மாதங்களில்தான் இருக்கிறாள். வலிப்பு மாத்திரை தொடர்கிறது, ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதில்தான் அவளுக்கு ரொம்ப வருத்தம். சில நேரம் கரண்டியைச் சாவி என்கிறாள், எண்கள் மட்டும் தப்புவதில்லை. டியூஷனை மறுபடி ஆரம்பித்துவிட்டாள், அசதியான நாளில் பெரிய பிள்ளைகளே சின்னதுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், வாரத்தில் பாதி நாள்தான் நடக்கிறது, ஆனாலும் நடக்கிறது.

மேலே சொன்ன கோரிக்கைகளை எழுதி, சிகிச்சைக்குப் போய்வந்த மற்ற குடும்பங்களிடமும் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறோம். மனுவை எழுதியது அவள்தான், நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் நீலகிரி நிருபரை ஒருமுறை எங்கள் பக்கம் அனுப்பி, கையெழுத்துப் போட்டவர்களிடம் பேசச் சொல்லுங்கள். மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று நாங்கள் கேட்டால் கிடைக்காத பதில் உங்கள் பத்திரிகை கேட்டால் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்.