செல் சாகவில்லை என்றால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் இ-சிகரெட் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "ஆய்வகத்தில் இ-சிகரெட் ஆவி பட்ட நுரையீரல் செல்கள் சாகவில்லை, எனவே அதனால் நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை." முதல் பாதி சரி. இரண்டாம் பாதி எங்கிருந்து வந்தது, ஐயா?

நான் பல வருடம் செல் கல்ச்சர் (தட்டில் செல்களை வளர்க்கும்) ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இதே சோதனையை என் கையால் செய்திருக்கிறேன். செல் வளர்க்கும் திரவத்தில் சிகரெட் புகையைக் குமிழியாக விட்டால் திரவம் பழுப்பேறிவிடும். அதை நன்றாக நீர்க்கவைத்துச் செல்கள் மேல் ஊற்றினாலும், தட்டின் அடியில் ஒட்டிப் பரந்து கிடந்தவை மறுநாள் காலை உருண்டு சுருங்கி மிதக்கும். நியூட்ரல் ரெட் சாயம் விட்டால் ஏறாது. உயிருள்ள செல்தான் அதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். இ-சிகரெட் ஆவியைப் பல மடங்கு கொடுத்தும் பெரும்பாலான செல்கள் ஒட்டியபடியே இருந்து, சாயமும் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள். அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. இ-சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை, வாசனை சேர்த்த திரவம் சூடாகி ஆவியாகிறது. வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் கட்டுரையில் நீங்கள் இ-சிகரெட் ஆவியை ஒப்பிட்டது சிகரெட் புகையோடு. அதன் பக்கத்தில் வைத்தால் எதுதான் நல்லதாகத் தெரியாது? சுத்தமான காற்று மட்டும் பட்ட செல்களும் அதே சோதனையில் இருந்திருக்குமே, அந்தக் கணக்கை ஏன் போடவில்லை? சிகரெட்டை அறவே விட்டுவிட்டு இதற்கு மாறியவருக்கு உங்கள் ஒப்பீடு பொருந்தும். புகையே பிடிக்காத பள்ளிப் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்?

ஒரு நாளில் சாகாத செல் நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அழற்சிக்கான சமிக்ஞைகளை அது வெளிவிட்டுக்கொண்டிருக்கலாம், டிஎன்ஏ சேதப்பட்டிருக்கலாம். உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சாயம் இதையெல்லாம் காட்டாது. வாசனைத் திரவத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். பட்டை வாசனைக்குச் சேர்க்கும் சின்னமால்டிஹைடு செல்களைக் கொன்றதை நானே பார்த்திருக்கிறேன். கட்டுரையில் வாசனை பற்றி ஒரு சொல் இல்லை.

இதே பத்திரிகைதான் முன்பு இ-சிகரெட்டுக்கு "சிகரெட்டை விடக் கொடியது" என்று தலைப்புப் போட்டது. 2015ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்தை வைத்து எழுதியது அது. இ-சிகரெட் திரவத்தை 5 வோல்ட்டில் சூடாக்கியபோது, புற்றுநோய் உண்டாக்கும் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள்கள் உருவாயின, 3.3 வோல்ட்டில் அவை தென்படவில்லை என்பதும் அதே கடிதத்தில் இருந்தது. அந்த 5 வோல்ட் சூட்டில் வரும் கருகல் நெடியை மனிதர் யாரும் இழுக்கமாட்டார் என்று பலர் மறுப்புச் சொன்னார்கள். வோல்ட் கணக்கு எதுவும் உங்கள் பக்கத்தில் வரவில்லை. அப்போதும் எழுதினேன். பதில் இல்லை. அன்று கொடியது, இன்று கெடுதலே இல்லை. இரண்டையும் நம்பிப் படித்தவர்கள் உங்கள் வாசகர்கள்தானே?

என் அப்பாவும் உங்கள் வாசகர்தான். "தார் குறைவு" என்று உங்கள் பக்கங்களில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அந்த சிகரெட்டுக்கு மாறினார். அந்தத் தார் அளவு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சோதனை இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை 35 மில்லி புகையை 2 விநாடி இழுக்கும். ஃபில்டரைச் சுற்றியுள்ள பொடித் துளைகள் வழியே காற்றும் கலந்து வரும். அப்பாவின் விரல்கள் சரியாக அந்தத் துளைகள் மேல்தான் இருக்கும். போதவில்லை என்று இன்னும் ஆழமாக இழுப்பார். கடைசிக் காலத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருந்தபோதும், தான் பிடித்தது லேசான சிகரெட் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இ-சிகரெட் சோதனையிலும் இழுப்பது இயந்திரம்தான்: பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை, 3 விநாடி, 55 மில்லி. எந்த மனிதரும் கடிகாரம் பார்த்து இழுப்பதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியின் இரண்டாம் பாதி தவறு என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி இத்தகைய ஆய்வு பற்றி எழுதும்போது எத்தனை இழுப்பு, எத்தனை வோல்ட், என்ன வாசனை, எத்தனை மணி நேரம் என்ற விவரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி