கொத்தனாருக்குக் கிடைத்த ஜாமீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றி உங்கள் இதழில் வந்த நினைவுக் கட்டுரையைப் படித்தேன். 1915 நவம்பர் 15 அன்று பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் பிறந்தது, தலச்சேரியில் வக்கீல் தொழில், 1957இல் கேரளத்தின் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்டம், உள்துறை, சிறை, நீர்ப்பாசனம் என்று பல இலாகாக்கள், 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றம், எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். 1975 ஜூன் 24 அன்று இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கு அப்பீலில் அவர் போட்ட நிபந்தனைத் தடை உத்தரவுக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதுவும் வேண்டியதுதான். சட்ட மந்திரி நேரில் பார்க்க வேண்டும் என்று போன் செய்தபோது, பார்க்கத் தேவையில்லை, அப்பீலை ரிஜிஸ்ட்ரியில் தாக்கல் செய்யுங்கள் என்று சொன்ன மனிதர் அவர்.

ஆனால் எல்லையோரத்தில் குடியிருக்கிற எங்களுக்கு அவர் எந்தத் தீர்ப்பால் சொந்தக்காரர் ஆனாரோ, அதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அது மனதை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்ந்தவன். எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், கோர்ட்டில் மலையாளம். வேலந்தாவளமோ கோபாலபுரமோ தாண்டினால் தமிழ்நாடு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து ஆட்கள் கொத்து வேலைக்கும் தோப்பு வேலைக்கும் இந்தப் பக்கம் வருவார்கள். எங்கள் ஆட்கள் மில் வேலைக்கும் வியாபாரத்துக்கும் அந்தப் பக்கம் போவார்கள். இப்படி நாள் முழுக்கப் போக வர இருக்கிற இடத்தில் அடிதடி, வண்டி மோதல், சில்லறைத் தகராறு என்று ஏதாவது ஒன்றில் ஒருத்தர் மாட்டிக்கொள்வது சகஜம். மாட்டினால் ஜாமீன் உத்தரவு வாங்குவதில் பெரிய சிரமம் இருக்காது. ஜாமீன் நிற்க ஆள் பிடிப்பதற்குள்தான் உயிர் போய்விடும்.

1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோத்திராம் வழக்கும் இதே கதைதான். மோத்திராம் மத்தியப் பிரதேசத்துக்காரர், ஏழைக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. தொகையை முடிவு செய்ய வேண்டிய மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கூடப் பிறந்த சகோதரர் ஜாமீன் நிற்க வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று சொல்லி அவரை ஏற்கவில்லை. மோத்திராம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கே போனார். ஆகஸ்ட் 24 அன்று கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொன்னார். சொந்தப் பொறுப்பில் 1,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்பது உத்தரவு.

அவருடைய ஆங்கிலம் கடினம். எங்கள் சீனியரே டிக்ஷனரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். ஆனால் இந்தத் தீர்ப்பில் ஒரு கேள்வி வருகிறது, அது யாருக்கும் புரியும். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ பஹல்காமிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் என்ன செய்வார், அவ்வளவு தூரத்தில் சொத்து உள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். உள்ளூர் ஆள்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்றும் கேட்டார். அதோடு நிற்கவில்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவு எல்லா இந்தியருக்கும் பொது, 350ஆவது பிரிவின்படி நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் முறையிடலாம், கோர்ட்டும் அதில் அடக்கம் என்று எழுதினார். ஒரு மாநிலத்து மொழியில் முறைப்படி எழுதிய வக்காலத்தை, வேறு சட்டம் எதுவும் தடுக்காத வரை, நாடு முழுவதும் ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். வீட்டில் ஒரு மொழியும் கோர்ட்டில் ஒரு மொழியுமாக வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆதரவு வேறென்ன வேண்டும்?

சரி, தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? மாறவில்லை. அதற்கு வெகுகாலம் கழித்து நடந்தது ஒன்று சொல்கிறேன். எந்தக் கோர்ட் என்பது வேண்டாம். ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார், இவரும் கொத்தனார்தான், கூலிப் பாக்கி கேட்கப்போய் மேஸ்திரியோடு கைகலப்பாகி உள்ளே போய்விட்டார். ஜாமீன் உத்தரவும் ஆகிவிட்டது. அவருடைய அண்ணன் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். மஞ்சள் பையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் சிட்டா, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு. ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். அங்கிருந்தவர் ஒன்றையும் தொடவில்லை. “இவிடத்தெ கரம் ரசீது வேணம்” என்றார், இந்த ஊர் நிலவரி ரசீதுதான் வேண்டும் என்று. அண்ணன் என் பக்கம் திரும்பி, “ஏனுங்க, எங்க பூமி பூமியில்லீங்களா?” என்று கேட்டார்.

எங்கள் வக்கீல் மோத்திராம் தீர்ப்பைக் காட்டி மனுப் போட்டார். மனுவுக்கு வாய்தா விழுந்தது. உள்ளே இருந்தவருக்குச் சிறு குழந்தைகள், வீட்டில் வேறு வருமானம் இல்லை. அண்ணனால் காத்திருக்க முடியவில்லை. கோர்ட் வாசலில் இதற்கென்றே சிலர் நிற்பார்கள். கரம் ரசீதை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவருக்குக் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பவர்கள். வீட்டுக்காரியின் தோட்டை அடகு வைத்து அந்த ஆளுக்குக் கொடுத்தார். கூடப் பிறந்தவர் கொடுக்க முன்வந்த உண்மையான ஜாமீன் செல்லாமல் போய், வாடகை ஜாமீன் செல்லுபடியானது. இதில் சட்டத்துக்கு என்ன லாபம் என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

மாஜிஸ்திரேட்டுகள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எல்லை தாண்டிப் போன ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால், வாரண்ட் போய்ப் போய்த் திரும்பி வரும். வழக்கு வருஷக்கணக்கில் கிடக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் ஆள் ஓடிவிடாமல் இழுத்துப் பிடிப்பது குடும்பமும் வேலையும்தானே? வாசலில் நிற்கிறவருடைய கரம் ரசீது எப்படிப் பிடிக்கும்?

கிருஷ்ணய்யருக்கு இது ஏட்டறிவு இல்லை. கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948இல் அவரையே பிடித்து ஒரு மாதம் போலச் சிறையில் வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவனுக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர். கைதி ஒருவர் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது, விலங்கு மாட்டுவதைக் கண்டித்தது, இலவச சட்ட உதவிக்கு 1973இலேயே குழுத் தலைவராக இருந்து அறிக்கை கொடுத்தது எல்லாம் அங்கிருந்து வந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் எர்ணாகுளத்தில் அவர் வீட்டுக்கு மனுவோடு போனவர்கள் எத்தனையோ பேர். 2014 டிசம்பர் 4 அன்று, 99 வயது முடிந்த சில நாட்களில், அவர் காலமானார்.

அவர் சொன்னது வீண்போகவும் இல்லை. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் பற்றிக் கொடுத்த வழிகாட்டுதல்களில், உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம், அந்த நிபந்தனையை விதிக்காமல் இருக்கலாம் என்று இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றி ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியில்லாதவர் என்றே கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது மாறவில்லை. இவ்வளவும் இருக்கிறது என்று அந்த அண்ணனைப் போன்றவர்களுக்கு யார் சொல்வது?

ஆந்திர எல்லையில் நிலைமை இன்னும் மோசம். செம்மர வழக்குகளில் அகப்பட்டு, மொழியும் தெரியாமல், ஜாமீன் நிற்க ஆளும் இல்லாமல் அங்கே சிறைகளில் கிடந்த ஜவ்வாது மலைக்காரர்களைப் பற்றி உங்கள் வாசகர்கள் அறிவார்கள். அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்பது வேறு விஷயம். அதை விசாரணை சொல்லட்டும்.

கிருஷ்ணய்யருக்கு மாலை போடுவதும் கூட்டம் போடுவதும் நடக்கட்டும், நானும் போவேன். அதோடு எல்லையோரத்துக் கோர்ட்டுகளில், பாலக்காட்டுப் பக்கமானாலும் கோவைப் பக்கமானாலும் சித்தூர், திருப்பதிப் பக்கமானாலும், வெளி மாவட்ட ஜாமீன்தாரரையும் வெளி மாநில ஆவணத்தையும் பற்றிய இந்த விதிகளை இரண்டு மொழியிலும் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும் பேசி, சிட்டாவையும் கரம் ரசீதையும் ஒருவருக்கொருவர் சரிபார்த்துக் கொடுக்க ஓர் ஆளைப் போட வேண்டும். தாலுகா ஆபீஸுக்கு ஒரு போன் செய்தால் முடிகிற வேலைதான்.

உங்களிடம் கேட்பது ஒன்று. மோத்திராம் தீர்ப்பு அவ்வளவு நீளமானது அல்ல. யாராவது நல்ல தமிழில் அதை எழுதிக் கொடுத்தால் உங்கள் இதழில் வெளியிடுங்கள். நகல் எடுத்து இங்கே கோர்ட் வாசலில் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்